இசக்கியம்மாளின் பாஸ்புக்கும் ஓஆர்எம்மும்: வெப் அப்ளிகேஷனுக்கு எந்தக் கருவி?

முக்கூடல் பக்கத்துப் பீடிக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் பெண்கள் வந்து இலையும் தூளும் எடை போட்டு வாங்கிப் போகிறார்கள். வீட்டில் சுற்றிக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கடையில் ஒப்படைக்கிறார்கள். வாங்கியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, சரியில்லை என்று கழித்தது எவ்வளவு என்று பாஸ்புக்கில் ஏறுகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பி.எஃப். பிடித்தம் போக மீதி கையில்.

இந்தப் பாஸ்புக்கை வெப் அப்ளிகேஷனாக மாற்றும் வேலை பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே வாக்குவாதம் தொடங்கிவிடும். எந்த ஓஆர்எம், அதாவது நிரலுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நிற்கும் எந்தக் கருவி? ஜாவாவின் ஹைபர்னேட்டா, பைதானின் ஜாங்கோவா, ஜாவாஸ்கிரிப்டின் ப்ரிஸ்மாவா? இல்லை, இது எதுவுமே வேண்டாம், டேட்டாபேஸின் மொழியான எஸ்க்யூஎல்லை நேராக எழுதிவிடலாமா? இணையத்தில் தேடினால் கிடைக்கும் ஒப்பீடுகள் ஒவ்வொரு கருவியிலும் என்னென்ன வசதி என்று அடுக்குகின்றன. அந்தக் கருவி எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்பது தெரியாமல் அந்தப் பட்டியலைப் படித்து என்ன பயன்? அதனால் அடியிலிருந்து வருவோம்.

## இரண்டு உலகம்

நிரல் ஓடும்போது ஒரு தொழிலாளி ஓர் ஆப்ஜெக்ட். அவருக்குள் அவருடைய பாஸ்புக் வரவுகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு வரவுக்குள்ளும் தேதி, எடை, எண்ணிக்கை. இதெல்லாம் கணினியின் நினைவகத்தில் மட்டும்தான். கரண்ட் போய் சர்வர் நின்றால் எல்லாம் காலி. ஆப்ஜெக்டுகளை அழியாத இடத்தில் எழுதி, தேவைப்படும்போது மறுபடி ஆப்ஜெக்டாகவே எழுப்பித் தருவதைத்தான் ஆப்ஜெக்ட் பெர்சிஸ்டன்ஸ் என்கிறோம்.

அழியாத அந்த இடம் பெரும்பாலும் ஒரு ரிலேஷனல் டேட்டாபேஸ்: போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்றவை. எட்கர் காட் 1970-இல் ஐபிஎம்மில் இருந்தபடி முன்வைத்த கருத்தின் வழி வந்தவை இவை. அங்கே ஆப்ஜெக்ட் கிடையாது, டேபிள்களும் வரிசைகளும்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்க்கும் கருவியே ஓஆர்எம், அதாவது ஆப்ஜெக்ட் ரிலேஷனல் மேப்பர்.

மொழிபெயர்ப்பு இடறுகிற இடங்கள் மூன்று.

1. அடையாளம். முக்கூடலில் ஒரே தெருவில் நாலு இசக்கியம்மாள் இருப்பார்கள், மூன்று கோமதி இருப்பார்கள். டேட்டாபேஸுக்கு எண்தான் அடையாளம். பெயரைச் சாவியாக வைத்தால் முதல் வாரமே கூலி ஆள் மாறிப் போகும். நிரலிலோ ஒரே இசக்கியம்மாளை இரண்டு முறை எடுத்தால் இரண்டு தனித்தனி ஆப்ஜெக்டுகள் உருவாகிவிடலாம். ஒன்றைத் திருத்தினால் மற்றதற்குத் தெரியாது. ஹைபர்னேட்டும் பைதானின் எஸ்க்யூஎல்ஆல்கெமியும் ஒரு செஷனுக்குள் (டேட்டாபேஸோடு செய்யும் ஒரு சுற்று வேலைக்குள்) ஓர் எண்ணுக்கு ஓர் ஆப்ஜெக்ட்தான் என்று பார்த்துக்கொள்கின்றன. ஜாங்கோ அப்படிச் செய்வதில்லை.

2. திசை. நிரலில் தொழிலாளியின் கையில் வரவுகளின் பட்டியல் இருக்கிறது. டேபிளில் தலைகீழ்: ஒவ்வொரு வரவும் தன் தொழிலாளியின் எண்ணைச் சுமக்கிறது.

3. வகை. வீட்டிலிருந்து சுற்றுபவரும் கடையில் லேபிள் ஒட்டுபவரும் தொழிலாளிகள்தான், ஆனால் கூலிக் கணக்கு வேறு. நிரலில் இதை வகுப்பு, உட்வகுப்பு என்று எழுதிவிடலாம். டேபிளில் ஒரே டேபிளாக வைத்துப் பாதிக் கட்டங்களைக் காலியாக விடுவதா, இரண்டாகப் பிரித்து, எடுக்கும்போது இணைக்கும் ஜாயின் போடுவதா என்று யோசிக்க வேண்டும். ஒரே டேபிளும் ஒரு வகைக் கட்டமும் போதும் என்பது என் கட்சி. உட்வகுப்புகளை ஆசையாகப் பின்னியவர்கள் பின்னால் அவிழ்க்கத்தான் பாடுபடுவார்கள்.

## கருவிகளின் நான்கு சாதி

முதல் வகை, கருவியே இல்லாமல் எஸ்க்யூஎல்லை நேராக எழுதுவது. இரண்டாவது, எஸ்க்யூஎல்லை நாம் எழுதுவோம், திரும்பி வரும் வரிசைகளை ஆப்ஜெக்டில் நிரப்பும் கூலி வேலையை மட்டும் கருவி பார்க்கும்: ஜாவாவில் மைபேட்டிஸ், டாட்நெட்டில் டாப்பர்.

மூன்றாவது ஆக்டிவ் ரெக்கார்ட். ஒரு டேபிளுக்கு ஒரு வகுப்பு. தன்னைத்தானே சேமித்துக்கொள்ளும் திறமை அந்த ஆப்ஜெக்டுக்குள்ளேயே இருக்கும். 2004-இல் வெளிவந்த, ரூபி மொழியின் ரெயில்ஸ் இந்தப் பாணியைப் பிரபலமாக்கியது. பிஎச்பியின் லாரவெலில் உள்ள எலொக்வென்ட்டும் ஜாங்கோவின் ஓஆர்எம்மும் இதே வழிதான்.

நான்காவது டேட்டா மேப்பர். இங்கே ஆப்ஜெக்டுக்கு டேட்டாபேஸ் ஒன்று இருப்பதே தெரியாது. நடுவில் செஷன் என்று ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து, எது புதிது, எது மாறியது என்று குறித்துவைத்து, கடைசியில் மொத்தமாக எழுதுவார். ஹைபர்னேட், எஸ்க்யூஎல்ஆல்கெமி, பிஎச்பியின் டாக்ட்ரின், டாட்நெட்டின் என்டிட்டி ஃபிரேம்வொர்க் இந்த வரிசை.

ஹைபர்னேட்டின் கதை கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. அக்காலத்து ஜாவாவில் என்டிட்டி பீன் என்ற முறை இருந்தது. ஒரு டேபிளைத் தொட ஏகப்பட்ட இன்டர்ஃபேஸும் எக்ஸ்எம்எல்லும் எழுத வேண்டும். அந்தச் சிரமத்துக்கு மாற்றாக கேவின் கிங் 2001-இல் ஹைபர்னேட்டைத் தொடங்கினார். அது பிடித்துப்போய், 2006-இல் ஜேபிஏ என்ற ஜாவா தரநிலையே அதே பாணியில் வந்தது. கருவி பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், அது தீர்க்க வந்த சிக்கலும் பெரிய நிறுவனங்களின் சிக்கலாக இருந்ததுதான். ஒற்றைப் பீடிக்கடைக்கு அவ்வளவும் தேவையா என்பது வேறு கேள்வி.

## சேமிப்பு என்ற சொல்லுக்குள் என்ன நடக்கிறது

இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே தொழிலாளியின் பக்கத்தைத் திறக்கிறார்கள். ஒருவர் போன் நம்பரைத் திருத்துகிறார். இன்னொருவர் கையிருப்பு இலையை 5 கிலோவிலிருந்து 4 கிலோவாகக் குறைக்கிறார். முதலாமவர் கடைசியாகச் சேமிக்கிறார். ஒரு கிலோ இலை மறுபடி வந்துவிட்டது!

எப்படி? ஜாங்கோவின் சாதாரணச் சேமிப்பு எல்லாக் கட்டங்களையும் திரும்ப எழுதும். ஹைபர்னேட்டும், வேறு விதமாகச் சொல்லாவிட்டால், அப்படித்தான். ரெயில்ஸ், எலொக்வென்ட், எஸ்க்யூஎல்ஆல்கெமி ஆகியவை மாறிய கட்டங்களை மட்டும் எழுதும். ஆனால் இருவருமே இலைக் கட்டத்தைத் தொட்டால் அவையும் காப்பாற்றாது. இதற்கு மருந்து வெர்ஷன் கட்டம்: படித்தபோது 7 என்று இருந்தது, எழுதும்போதும் 7-ஆக இருந்தால்தான் எழுது, இல்லையென்றால் மறு. ஜேபிஏ, ரெயில்ஸ், எஸ்க்யூஎல்ஆல்கெமி மூன்றிலும் இது உள்ளேயே இருக்கிறது. ஜாங்கோவில் இல்லை, அங்கே வரிசையைப் பூட்டி எடுக்க வேண்டும், அல்லது ‘இருப்பதிலிருந்து ஒன்றைக் கழி’ என்று டேட்டாபேஸிடமே சொல்ல வேண்டும்.

இதற்கு நேரெதிர் ஆபத்து டேட்டா மேப்பர் பக்கம் இருக்கிறது. ஹைபர்னேட்டில் டிரான்ஸாக்ஷன் (முழுதாக நடக்கும், அல்லது முழுதாக ரத்தாகும் வேலைத் தொகுப்பு) நடக்கும்போது ஆப்ஜெக்டின் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும், சேமி என்று சொல்லாமலே எழுதிவிடும். ரசீதில் அழகாகத் தெரியட்டும் என்று கூலியை முழு ரூபாயாக்கி அதே ஆப்ஜெக்டில் வைத்தவர், பைசா எங்கே போனது என்று மாதக் கடைசியில் தேடிக்கொண்டிருப்பார்.

பைசா என்றதும் ஒன்று. பணத்தைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வகையில் வைக்கக் கூடாது, துல்லியமான டெசிமல் வகையில் வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நோட்.ஜேஎஸ் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) பக்கம் இதில் ஒரு திருப்பம் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் டெசிமல் வகையே கிடையாது. அதனால் போஸ்ட்கிரெஸ் டிரைவர் அந்த எண்ணைச் சரமாகத்தான், அதாவது எழுத்துத் தொடராகத்தான், திருப்பித் தரும். கவனிக்காமல் கூட்டினால் 120-உம் 80-உம் சேர்ந்து 12080 ஆகும். எடையைக் கிராம் கணக்கில் முழு எண்ணாக வைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. நெல் அரவை மில் ஒன்றுக்கு இதே வேலை செய்வதானால், பெரியவர்கள் இன்னும் கோட்டைக் கணக்குச் சொல்லக்கூடும். ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். அந்த மாற்றலைத் திரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், டேபிளில் ஒரே அலகுதான்.

## நானூறு பேருக்கு 401 கொயரி

ஓஆர்எம் மெதுவானது என்ற கெட்ட பெயருக்கு முக்கால்வாசிக் காரணம் இந்த ஒன்றுதான்.

சனிக்கிழமை கூலிப் பக்கம். நானூறு தொழிலாளிகளையும் கொடு என்று ஒரு கொயரி, அதாவது டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி. பிறகு லூப்பில் ஒவ்வொருவரின் வாரத்து வரவுகளையும் தொடுகிறோம். நிரலில் அது வெறும் ஒரு புள்ளியும் ஒரு பெயரும். ஆனால் கருவி சோம்பேறித்தனமாக, அதாவது தொடும்போது மட்டும் எடுத்துத் தரும்படி அமைந்திருந்தால், ஒவ்வொரு தொடுதலும் ஒரு கொயரி. மொத்தம் 401. N+1 (என் பிளஸ் ஒன்) என்று சொல்வது இதைத்தான்.

அலுவலகத்துக் கணினியில் சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது. டேட்டாபேஸ் அதே பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு கொயரிக்கு ஒரு மில்லி செகண்ட் என்றால் மொத்தம் அரை செகண்டுகூட இல்லை. சர்வர் ஓர் ஊரில், டேட்டாபேஸ் இன்னோர் ஊரில் என்று வைத்து, ஒரு போய்வருகைக்கு 20 மில்லி செகண்ட் ஆனால்? எட்டு செகண்ட். கூலி வாங்க நிற்கும் வரிசையில் எட்டு செகண்ட் நீளமானது.

தீர்வு ஒவ்வொரு கருவியிலும் இருக்கிறது, பெயர்தான் வேறு. ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட், ப்ரீஃபெட்ச் ரிலேட்டட். ரெயில்ஸில் இன்க்ளூட்ஸ். எலொக்வென்ட்டில் வித். ஜேபிஏவில் ஜாயின் ஃபெட்ச். எல்லாம் சொல்வது ஒன்றே: இவற்றையும் சேர்த்து முன்கூட்டியே எடுத்து வா.

சரி, எல்லாவற்றையும் ஜாயினில் போட்டுவிடலாமே என்றால் அங்கேயும் குழி இருக்கிறது. ஒரு தொழிலாளிக்கு மாதத்தில் 26 வரவு, 4 கூலி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பட்டியலையும் ஒரே ஜாயினில் எடுத்தால் 26 பெருக்கல் 4, ஒருவருக்கு 104 வரிசை. நானூறு பேருக்கு 41,600. தேவையானதோ 12,000 வரிசைதான். அதனால்தான் ப்ரீஃபெட்ச் வகையறா தனித்தனியாக இரண்டு மூன்று கொயரி போட்டு நிரலுக்குள் சேர்த்துக்கொள்கிறது. ஒரே கொயரி என்பது வீரம் இல்லை.

ஒரு கருவியை எடைபோடும்போது நான் முதலில் தேடுவது, இந்தச் சோம்பேறித்தனத்தைப் பிழையாக மாற்றும் வசதி இருக்கிறதா என்பதை. எஸ்க்யூஎல்ஆல்கெமி, ரெயில்ஸ், லாரவெல் மூன்றிலும் இருக்கிறது. சோதனைக் கணினியில் அதை இயக்கிவிட்டால், தெரியாமல் கிளம்பும் கொயரி அங்கேயே கத்திவிடும்.

ஜாவாவின் ஸ்பிரிங் பூட் பக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்தை வரைந்து முடிக்கும் வரை செஷனைத் திறந்தே வைத்திருக்கும் அமைப்பு அங்கே தானாகவே இயங்கும். தொடங்கும்போது லாகில் ஓர் எச்சரிக்கை வரும். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. எச்.டி.எம்.எல். வார்ப்புருவிலிருந்தே கொயரி கிளம்புவது இதனால்தான்.

## கொயரி குறைந்தும் மெதுவாக இருந்தால்

இண்டெக்ஸை, அதாவது புத்தகச் சொல்லடைவு போலத் தேடலை வேகமாக்கும் பட்டியலைப் பாருங்கள். வரவு டேபிளில் தொழிலாளி எண்ணுக்கு இண்டெக்ஸ் உண்டா? மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் கட்டம்) போட்டாலே இண்டெக்ஸும் போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் போடாது. ஜாங்கோ அங்கேயும் தானாகப் போட்டுவிடும். எஸ்க்யூஎல்ஆல்கெமியில் நாம் சொல்ல வேண்டும். கருவியை மாற்றினால் வேகம் வரும் என்று மூன்று வாரம் மெனக்கெடுவதற்கு முன் இந்த ஒரு வரியைப் பார்ப்பது மலிவு.

## தமிழ்ப் பெயர்களும் உவரிப் பெயர்களும்

எந்த ஒப்பீட்டிலும் வராத இரண்டு விஷயம். முதலாவது, கோமதி என்ற பெயரின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. போஸ்ட்கிரெஸில் சாதாரணமாகத் தேடினால் ஒன்று மற்றதோடு பொருந்தாது. கோமதி இல்லை என்று பதில் வரும். உள்ளே வாங்கும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஓஆர்எம் இதைத் தானாகச் செய்யாது. ஆனால் சேமிப்பதற்கு முன் ஒரு வேலையைச் சொருக இடம் தரும் கருவியில் இதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம்.

இரண்டாவது, உவரிப் பக்கம் போனால் டி’குரூஸ் போன்ற குடும்பப் பெயர்கள் வரும். ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் ஒரு மேற்கோள் குறி. பெயரை எஸ்க்யூஎல் வாக்கியத்தோடு ஒட்டி எழுதிய நிரல் அங்கேயே உடையும். உடைந்தால்கூடப் பரவாயில்லை, அதே ஓட்டை வழியாகத்தான் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் தாக்குதலும் நுழைகிறது. ஓஆர்எம் மதிப்புகளைத் தனியாக அனுப்புவதால் இந்த ஓட்டை இயல்பாகவே அடைபடுகிறது. நேரடி எஸ்க்யூஎல்லிலும் அதே வசதி உண்டு, கையால் ஒட்டாமல் இருந்தால் போதும்.

## கால்வாயும் பயிரும்

தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கார் பருவம் வரும், பிசானப் பருவம் வரும், நெல் ரகம் மாறும், நடுகிற ஆள் மாறுவார். கால்வாய் அதே கால்வாய். டேபிள்களும் அப்படித்தான். முன்பக்கத்தை மூன்று முறை திருப்பி எழுதினாலும் பாஸ்புக் டேட்டா அதேதான். அதனால் டேபிளின் வடிவத்தை மாற்றும் வேலையை, அதாவது மைக்ரேஷனை, கருவி எப்படிக் கையாள்கிறது என்பது வசதிப் பட்டியலில் முதலில் வர வேண்டும்.

ஜாங்கோவில் 1.7 பதிப்பிலிருந்து இது உள்ளேயே இருக்கிறது. எஸ்க்யூஎல்ஆல்கெமிக்கு அலெம்பிக். ஜாவா பக்கம் ஃப்ளைவே அல்லது லிக்விபேஸ். ஹைபர்னேட்டில் டேபிளைத் தானே திருத்திக்கொள்ளும் அமைப்பு ஒன்று உண்டு. அதைக் கற்றுக்கொள்ளும் காலத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம், நிஜ சர்வரில் கூடவே கூடாது. கட்டத்தின் பெயரை மாற்றினால் அது பெயர் மாற்றம் என்று அதற்குப் புரியாது. புதிதாக ஒரு காலிக் கட்டம் சேர்த்துவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவிடும்.

எந்தக் கருவியும் காப்பாற்றாத ஒன்றும் இங்கே இருக்கிறது. கூலி உயர்ந்ததும் விகிதக் கட்டத்தைத் திருத்தினால், போன வருஷத்துக் கணக்கும் புது விகிதத்தில் காட்டும். எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று தனி டேபிள் வேண்டும்.

## தேர்வு: இந்த வரிசையில் கேளுங்கள்

1. ஃபிரேம்வொர்க் (ஜாங்கோ, ரெயில்ஸ், லாரவெல் போல வெப் அப்ளிகேஷனுக்கான அடித்தளம்) ஏற்கெனவே முடிவாகிவிட்டதா? ஆகிவிட்டது என்றால் அதோடு வரும் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜாங்கோவுக்குள் வேறு ஓஆர்எம்மைக் கொண்டுவந்தால் அதன் நிர்வாகத் திரை, ஃபார்ம் எல்லாம் கைவிட்டுப் போகும். பாஸ்புக் போன்ற வேலைக்கு அந்த நிர்வாகத் திரையே பாதி வேலையை முடித்துவிடும்.

2. டேபிள்கள் நம்முடையவையா, பழையவையா? பத்து வருஷத்துப் பழைய டேட்டாபேஸின் மேல் உட்கார வேண்டுமானால் ஆக்டிவ் ரெக்கார்ட் முரண்டு பிடிக்கும். இரண்டு கட்டங்கள் சேர்ந்த பிரைமரி கீ (வரிசையின் அடையாளச் சாவி) ஜாங்கோவுக்கு 2025-இல் வந்த 5.2 பதிப்பில்தான் கிடைத்தது. இங்கே எஸ்க்யூஎல்ஆல்கெமி, மைபேட்டிஸ், டாப்பர் போன்றவை சொன்னபடி கேட்கும்.

3. எழுதுவது அதிகமா, அறிக்கை அதிகமா? வரவு பதிவது ஓஆர்எம்முக்கு அல்வா மாதிரி. ஊர்வாரியாக, மாதவாரியாகத் தொகுத்து, பி.எஃப். பிடித்தம் காட்டி, போன மாதத்தோடு ஒப்பிடும் அறிக்கையை ஓஆர்எம் மொழியில் எழுதுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. அதை எஸ்க்யூஎல்லில் எழுத வேண்டும். ஆகவே, இறங்கி எஸ்க்யூஎல் எழுத ஒழுங்கான கதவு இருக்கிறதா என்று பாருங்கள்.

4. அடுத்து யார் பார்ப்பார்கள்? எழுதிய பையன் ஒரு வருஷத்தில் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிவிடுவான். பக்கத்துக் கல்லூரியில் ஜாவாவும் பைதானும் படித்து வருபவரால் கையில் எடுக்க முடியுமா? அவருக்குப் புரியாத அற்புதமான கருவியைவிடப் புரிகிற சுமாரான கருவி மேல்.

5. கிளம்பும் எஸ்க்யூஎல்லைக் கண்ணால் பார்க்க முடிகிறதா? பார்க்க வழி இல்லாத கருவியை எடுக்கவே வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு கருவி மிஞ்சினால் ஒரு நாள் ஒதுக்குங்கள். வரவு பதியும் ஃபார்ம், சனிக்கிழமை கூலிப் பக்கம், மாத அறிக்கை என்று மூன்றே மூன்று திரை. பொய்யான வரவுகள் ஒரு லட்சம். இரண்டிலும் எழுதி, ஒவ்வொரு திரைக்கும் எத்தனை கொயரி போகிறது என்று எண்ணுங்கள். வலைத்தளங்களில் வரும் வேகப் போட்டி முடிவுகள் வேறு யாருடைய டேபிளிலோ எடுத்தவை.

## இரண்டையும் கலக்கும்போது

பெரும்பாலான வேலைகளில் கடைசியில் கலவைதான் வரும்: பதிவுக்கு ஓஆர்எம், அறிக்கைக்கு எஸ்க்யூஎல். இதில் தவறில்லை, ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். டேட்டா மேப்பர் கருவி மாற்றங்களைக் குறித்து வைத்திருக்குமே தவிர, உடனே எழுதாது. அதே டிரான்ஸாக்ஷனில் நேரடி எஸ்க்யூஎல்லில் கூட்டுத்தொகை கேட்பதற்கு முன், குறித்து வைத்ததை எழுதிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஃப்ளஷ் என்பது இதற்குத்தான். அப்புறம் எதிர்ப்பக்கம்: நானூறு பேரின் இலைக் கையிருப்பையும் ஒரே எஸ்க்யூஎல் வரியில் திருத்தினால், செஷனில் ஏற்கெனவே எடுத்து வைத்த ஆப்ஜெக்டுகளுக்கு அது தெரியாது. அவை பழைய எடையையே காட்டிக்கொண்டிருக்கும். யாராவது அவற்றைத் தொட்டுச் சேமித்தால், புது எடையின் மேல் பழையது ஏறவும் கூடும். அத்தகைய மொத்தத் திருத்தத்தைத் தனி டிரான்ஸாக்ஷனில், புதுச் செஷனில் ஓட்டி முடித்துவிட்டு, பிறகு ஆப்ஜெக்டுகளை எடுப்பதே நல்லது.